கூனந்துறைக்கு வந்த பதினொரு குமிழிகள்

கூனந்துறையிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாத பதினொரு பேருக்கு வருஷம் ஆகப்போகிற சமயத்தில், அவர்களில் ஒருவனுடைய மனைவி அந்தக் கதையை எழுதினாள். இன்னொருவனுடைய அக்கா அதைப் படமாக வரைந்தாள். எழுதினவள் பிரகாசி. படகை ஓட்டிப் போன ஸ்ராங்கு ரெக்சனின் மனைவி. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் டியூஷன் எடுப்பவள். வரைந்தவள் செசிலி. படகில் போனவர்களிலேயே இளையவனான கிளீட்டஸின் அக்கா. நாகர்கோவிலிலிருந்து வருகிற ஒரு சிறுவர் பத்திரிகைக்குப் பத்து வருஷமாகப் படக்கதை வரைகிறவள். வருஷத் திருப்பலியன்று அந்தக் கதையைப் புத்தகமாக அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுக்கலாம் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார்.

பிரகாசியின் கதை இருநூறு பக்க நோட்டு ஒன்றில், அடித்தல் திருத்தல் இல்லாமல், கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில் இருந்தது. செசிலி அதை மூன்று தடவை வாசித்தாள். நான்காம் தடவை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, எந்த வரி ஒரு கட்டம், எந்த வரி ஒரு முழுப் பக்கம், எந்த வரியைப் படமாக்கவே முடியாது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனாள். எழுத்து நேராக மனசுக்குள் போய்விடும். படத்துக்கு அந்த வழி கிடையாது, கையும் முகமும் பாத்திரமும் கதவும்தான் உண்டு, உள்ளே கிடப்பதை எல்லாம் அவற்றைக் கொண்டேதான் வெளியே காட்ட வேண்டும். 'மூன்று நாள் காத்திருந்தேன்' என்று ஒரு வரி இருந்தது. செசிலி அந்த வரியை எடுத்துக்கொண்டு பிரகாசியின் வீட்டுக்குப் போனாள்.

"அந்த மூணு நாளும் என்ன செஞ்சுட்டு இருந்தக்கா?"

"காத்துட்டு இருந்தேன்."

"கை என்ன செஞ்சுது?"

பிரகாசி யோசித்தாள். "அவருக்க தட்டைக் கழுவினேன். கவுத்தி வச்சேன். பொறவு திரும்பவும் எடுத்துக் கழுவினேன்."

செசிலி மூன்று கட்டம் வரைந்தாள். மூன்றிலும் அதே தட்டு, அதே கை, அதே துவைக்கிற கல். வெளிச்சம் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகர்ந்திருந்தது. பிரகாசி அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம், இதில் எதையும் மாற்ற வேண்டாம் என்றாள்.

இப்படியே பக்கம் பக்கமாக நகர்ந்தது. புயலைப் பற்றிப் படகுக்கு ஒரு தகவலும் எட்டவில்லை என்று எழுதியிருந்த இடத்தில், பேசாமல் தொங்குகிற வயர்லெஸ் பெட்டி ஒன்றை வரைந்தாள். அப்படித்தான் ஊரே நம்பியிருந்தது. இருபத்திரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே இரண்டு வரிதான். 'அவர்கள் கடைசியாக ஏதோ சொல்லியிருப்பார்கள். கேட்பதற்குக் கரையில் யாரும் இல்லை.'

செசிலி அந்த இரண்டு வரியை நாலு விதமாக வரைந்து பார்த்தாள். வாய்களைத் திறந்து வைத்தால் பயத்தில் அலறுகிற மாதிரி இருந்தது. மூடி வைத்தால் பேச்சே இல்லை. அலையை உயர்த்தினால் ஆட்கள் மறைந்தார்கள், ஆட்களைப் பக்கத்தில் கொண்டுவந்தால் தம்பியின் முகத்தை வரைய வேண்டியிருந்தது, அது அவளால் ஆகவில்லை.

"குமிழிக்குள்ள போட ஏதாவது எழுதித் தாயேன்க்கா," என்று கேட்டாள். "மாதாவேன்னோ, அம்மான்னோ."

"அவிய என்ன சொன்னாவன்னு எனக்குத் தெரியாது செசிலி. தெரிஞ்ச மாதிரி எழுத கை வரமாட்டேங்குது."

ஆகவே ஒரு புதன்கிழமை மத்தியானம் செசிலி படகையும் ஆட்களையும் எடுத்துவிட்டு, பக்கம் முழுக்க வெறும் கடலை வரைந்தாள். அதற்கு மேலே பதினொரு பேச்சுக் குமிழிகளை வரைந்தாள். ஒவ்வொரு குமிழியின் வாலையும் வளைத்துத் தண்ணீருக்குள் இறக்கினாள். குமிழிகளுக்குள்ளே ஒரு எழுத்தும் எழுதவில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, தாள் பறக்காமல் இருக்க மூலையில் ஒரு கல்லை வைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பெண்கள் மீன் ஏலம் முடிந்து வெறுங்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு மேலே பதினொரு குமிழிகள் வந்தன. மேகம் போலக் கலைந்தும் சேர்ந்தும் வராமல், ஒரே உயரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, கரையேறுகிற ஆட்களைப் போல வந்தன. தாளின் வெள்ளை நிறம். சுற்றிலும் தூரிகை பருமனில் கருப்புக் கோடு. சிலுவைக் குருசடியைத் தாண்டியதும் பிரிந்து, அவையவைக்குத் தெரிந்த தெருவில் திரும்பி, திரும்பாத ஆட்களின் பதினொரு வீடுகளுக்கு மேலே, ஓட்டுக்கு ஒரு முழம் விட்டு, அசையாமல் நின்றன.

முதல் நாள் ஊர் வேலைக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் ஆண்கள் ஏணி வைத்துத் தொட்டுப் பார்த்து, ஈரத் தாள் மாதிரி இருக்கிறது, சூடும் இல்லை குளிரும் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் மழை பெய்து குமிழிகளின் மேல் வழிந்து ஓடியது, காக்கைகள் வந்து உட்கார்ந்தன, கடலுக்குப் போகிறவர்கள் கடலுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார், குமிழிகள் மேல் யாரும் கல்லெறியக் கூடாது, அவற்றுக்குக் கீழே மெழுகுவர்த்தி விற்கவும் கூடாது என்று அறிவித்துவிட்டு, வழக்கம்போலத் திருமண ஓலை வாசித்தார். அடுத்த வாரம் ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்து நாடா வைத்து நீளமும் அகலமும் அளந்தார்கள். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தங்களுக்குள் வெகுநேரம் பேசி, கடைசியில் 'இதர' என்ற இடத்தில் பதினொன்று என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

சூரியன் எங்கே போனாலும் குமிழிகளின் நிழல் நகரவில்லை என்பதைப் பெண்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். நிழல் விழுந்த இடத்தில் கருவாடு காயாது என்பதால் காயப்போடும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். பிள்ளைகள் அங்கே பாய் விரித்துப் பாடம் எழுதினார்கள். வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்கிறவர்கள், மூணாவது குமிழி தாண்டி இடப்பக்கம் என்று சொல்லப் பழகினார்கள். படகில் போன ஜஸ்டஸின் அம்மா செலின் மட்டும் தினமும் விடிந்ததும் முற்றத்துக்கு வந்து, தலையை அண்ணாந்து, தன் குமிழியைப் பார்த்து, "சொல்லு மக்கா, ஒரு சொல்லாவது சொல்லு," என்று கேட்டுவிட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவாள்.

அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு புயலில் மகனைக் கொடுத்த ஒருத்தி, எட்டு மைல் நடந்து வந்து செசிலியின் வாசலில் உட்கார்ந்தாள்.

"எனக்க மவனுக்கும் ஒண்ணு வரைஞ்சு தா பிள்ளே."

செசிலி வரைந்தாள். அந்தத் தாயின் கண் முன்னாலேயே, அதே தாளில், அதே மையில், அதே அளவில் வரைந்தாள். இரண்டு பேரும் மூன்று நாள் வானத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "கையில இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நடந்து போனாள். அவள் போன பிறகு செசிலி இரண்டு நாள் தூரிகையைத் தொடவில்லை.

எல்லாரும் குமிழிகளைப் பார்த்தார்கள். வால்களை அவ்வளவாக யாரும் பார்க்கவில்லை. பத்து வீட்டுக் குமிழிகளின் வால்கள் ஓட்டைத் தாண்டி, கரையைத் தாண்டி, மெலிந்து மெலிந்து, தென்மேற்கே கண்ணுக்கு எட்டாத தூரத்தில் தண்ணீருக்குள் இறங்கின. செசிலி வீட்டுக் குமிழியின் வால் மட்டும் வீட்டுக்குப் பின்பக்கமாக வளைந்து, தென்னைகளுக்கு மேலே, வடகிழக்கே போனது. அவள் தாளில் அதையும் கடலுக்குள்ளேதான் இறக்கியிருந்தாள். எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

அம்மா செபஸ்தியாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவன் எப்பவும் எல்லாருக்கும் எதிர்த்திசையிலதான் போவான். குமிழியும் அப்படித்தான் இருக்கும்," என்றாள்.

ஆனால் படக்கதை வரைகிறவளுக்குத் தெரியாத சங்கதி அல்ல அது. வால் ஓர் அலங்காரம் கிடையாது. கூட்டத்துக்கு நடுவே பேசுகிறவன் யார் என்று காட்டுவதற்குத்தான் வால்; அது எங்கே முடிகிறதோ அங்கே ஒரு வாய் இருக்கும். பத்து வாய்கள் கடலுக்குள் இருந்தன. ஒரு வாய் கரையில் இருந்தது. தம்பி உயிரோடு இருக்கிறான் என்று நினைத்த அந்தக் கணத்திலேயே, உயிரோடு இருந்தால் ஏன் பத்து மாசமாக வரவில்லை என்ற நினைப்பும் சேர்ந்தே வந்தது. முதல் நினைப்பு அவளைத் தூக்கிய உயரத்துக்கு இரண்டாவது நினைப்பு அவளைக் கீழே போட்டது.

ஒருநாள் பிரகாசி குடத்தோடு போகிற வழியில் நின்று, மேலே பார்த்து, "உங்க வீட்டு வாலு மட்டும் ஏன் மலைப்பக்கம் போவுது?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா," என்றாள் செசிலி. பிரகாசியிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

ஒன்பது நாள் அந்தப் பொய்யோடு இருந்தாள். பத்தாம் நாள் காலை, பத்திரிகை ஆபீஸுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, வாலைப் பார்த்துக்கொண்டே கிளம்பினாள். தென்னந்தோப்புகள் முடிந்து வாழைத்தோட்டங்கள் வந்தன, வாழைத்தோட்டங்கள் முடிந்து குளக்கரைகள் வந்தன; பஸ் ஏறினால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள், வால் வேறு பக்கம் திரும்பினால் இறங்கி நடந்தாள். ஊருக்கு ஊர் வால் மெலிந்துகொண்டே வந்தது. மலையடிவாரத்தில், கடல் எந்த மேட்டில் ஏறினாலும் தெரியாத ஓர் இடத்தில், ரப்பர் தோட்டத்துக்குள் அது இறங்கியது. அங்கே நூல் பருமன்தான் இருந்தது. ரப்பர் பால் வெட்டுகிற பெண்கள் அதன் அடியில் குனிந்து போய்ப் போய்ப் பழகியிருந்தார்கள். சிலந்தி இழை என்று நினைத்திருந்தார்கள்.

உறைந்த பாலை உருளையில் கொடுத்துத் தகடாக இழுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். நூல் அவன் உதட்டோரத்தில் முடிந்தது.

"வந்துட்டியா அக்கா," என்றான் கிளீட்டஸ். அவன் பேசியபோது நூல் லேசாக அதிர்ந்தது.

அவளுக்கு அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தகடு காயப்போட்டிருந்த கொடிக்குக் கீழே உட்கார்ந்தாள். அவன் எதிரே குந்தியிருந்து, கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கவிழ்ந்த படகின் முதுகில் பதினொரு பேரும் மூன்று நாள் கிடந்தோம் என்றான். இளையவன் என்று அவனை நடுவில் போட்டு, மற்றவர்கள் ஓரத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். போகிறவன் ஒவ்வொருவனும் போகுமுன் அவனிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். நாலாம் நாள் ஒரு வடக்கத்திக் கப்பல் அவனைத் தூக்கி, பெயர் தெரியாத துறைமுகத்தில் இறக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து, கையில் ஒன்றுமில்லாமல் ஊர் ஊராக மாறி வர ஒரு மாசம் ஆயிற்று.

"நம்ம ஜங்ஷன்ல இறங்கினேன்க்கா. பதினோரு பேருக்க படமும் போட்டு பேனர் கட்டியிருந்தாவ. நானும் அதுல இருந்தேன். கீழ ஊருக்குள்ள இறங்கினா பத்து வீட்டு வாசல்ல போய் நிக்கணும், உயிரோட நிக்கணும். காலு இறங்கல. அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன்."

"அவிய சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"அதைத் தவிர வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல."

செசிலி, குமிழிகளைப் பற்றிச் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை, ஆவணி மாதத்திலிருந்து உதட்டில் ஒரு இழுப்பு இருக்கிறது என்றான்.

"ஒன்பது பேரு சொன்னதைச் சொல்லிருவேன். ரெக்சன் அண்ணன் சொன்னதை மட்டும் சொல்லமாட்டேன். அன்னைக்கு மத்தியானமே வெளியூர்ப் படகு ஒண்ணுலருந்து வயர்லெஸ்ல கூப்பிட்டு, புயல் வருது, திரும்புங்கன்னு சொன்னாவ. நாங்க திரும்பல. 'படகைத் திருப்பாம விட்டது நான்தான்னு ஊர்ல சொல்லு'ன்னாரு அண்ணன். அதைப் போய் பிரகாசி அக்கா முகத்தைப் பாத்து எப்படிச் சொல்ல?" கையை மறுபடி துடைத்துக்கொண்டு, "அதுக்குப் பதிலா நல்லதா நீ ஒண்ணு எழுதிருக்கா. குமிழி நீ போட்டதுதானே," என்றான்.

அந்த யோசனை செசிலிக்குப் பிடித்திருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பத்து வருஷமாக எத்தனையோ வாய்களில் எத்தனையோ வசனங்களை அவள் எழுதியிருக்கிறாள். ஒரு வரி போதும், பிரகாசி வாழ்நாள் முழுக்க நிம்மதியாக இருப்பாள். ஆனால், தெரிந்த மாதிரி எழுதக் கை வரவில்லை என்று பிரகாசி அன்று சொன்னது இன்னும் நினைவிருந்தது.

"நான் போட்டது வெறும் கோடுதான்டா. உள்ள இருக்கிறது எனக்கு உரியது இல்ல," என்றாள். "செலின் அக்கா தினமும் விடிஞ்சதும் அண்ணாந்து நிக்கா. கழுத்து நரம்பு பிடிச்சுக்கிட்டு. தைலம் போட்டுட்டு வந்து திரும்பவும் நிக்கா."

கிளீட்டஸ் உருளையின் பிடியைத் துடைத்து வைத்தான். பிறகு எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டான்.

அவர்கள் கடலை நெருங்க நெருங்க, நூல்கண்டு சுற்றுவது போல வால் சுருங்கித் தடித்தது. ஊர் அதைப் பார்த்து, யாரோ வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, மத்தியானச் சோற்றை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து நின்றது. கிளீட்டஸ் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது யாரும் கத்தவில்லை. செபஸ்தியாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மகனை இரண்டு அறை அறைந்தாள். பிறகு அவன் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகச் சேர்த்துப் பிடித்தாள். அவன் ஒவ்வொரு வீடாகப் போனபோதும், அவள் அதை விடாமல் பின்னாலேயே போனாள்.

முதல் வீட்டில், "பச்சை வலையில கிழிசல் இருக்கு, தைக்காம கடல்ல போடாதீங்க," என்று சொன்னான். சொல்லி முடித்ததும் வீட்டுக்கு மேலே இருந்த குமிழிக்குள் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. செசிலியின் எழுத்து, அவள் குமிழிகளுக்குள் எழுதுகிற, ஒரு பக்கம் சற்றே சாய்ந்த எழுத்து. படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இன்னொரு வீட்டில், பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு பெயர் இருந்தது; பிள்ளை பிறந்து வேறு பெயரில் ஞானஸ்நானமும் ஆகியிருந்தது, அன்றிலிருந்து அது இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்த்தது. இன்னொரு வீட்டில், வீட்டிலிருந்து கிளம்புகிறவன் மாதிரி, "சரி, வாறேன்," என்பது மட்டும்தான். செலின் வீட்டு முற்றத்தில் கிளீட்டஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குக் குளிரல, அம்மாட்ட சொல்லு," என்றான். செலின் அண்ணாந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "குளிராம இருக்குமா, பொய் சொல்லுதான்," என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள். பத்து மாசத்தில் அவள் அழுது ஊர் பார்த்தது அன்றுதான்.

கடைசியாகப் பிரகாசியின் வீடு. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் பின்னாலேயே வந்திருந்தார்கள். கிளீட்டஸ் அவள் காதோரம் குனிந்தான்.

"தள்ளி நில்லு," என்றாள் பிரகாசி. "ஒன்பது வீட்டுல எப்படிச் சொன்னியோ அப்படிச் சத்தமா சொல்லு."

அவன் சொன்னான். எழுத்துகள் வந்தன. வயர்லெஸில் தகவல் வந்ததா என்று யாரோ கேட்டதற்கு, வந்தது என்றான்.

"அப்போ திரும்பியிருக்கலாம்," என்றாள் செலின்.

"ஆமா."

செலின் முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் போனார்கள். பிரகாசி மேலே ஒரு முறை பார்த்தாள், பிள்ளைகள் நோட்டில் எழுத்துப்பிழை பார்க்கிறவள் போல. பிறகு உள்ளே போனாள்.

படித்து முடித்த ஒன்பது குமிழிகளும் அடுத்தடுத்த நாட்களில் தொய்ந்து, துவைத்த வேட்டி மாதிரி ஓட்டின் மேல் படிந்தன. வீட்டுக்காரர்கள் அவற்றை மடித்து, கல்யாணப் புடவை வைக்கிற பெட்டிகளில் வைத்தார்கள். பிரகாசி வீட்டுக் குமிழி மட்டும் இறங்கவில்லை. எந்தத் தெருவில் நின்றாலும் அது தெரிந்தது, எந்தத் தெருவில் நின்றாலும் வாசிக்க முடிந்தது. யாரும் அவளை ஒரு சொல் ஏசவில்லை. டியூஷனுக்கு வருகிற பத்தொன்பது பிள்ளைகள் ஐந்தாகி, ஒன்றாகி, அந்த ஒன்றும் நின்றது. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தோடு வந்தால், முன்பின் தெரியாத ஆளுக்கு வழிவிடுகிற மாதிரி எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். அவள் செசிலியிடம் ஆள் அனுப்பி நோட்டைத் திருப்பிக் கேட்டாள். புத்தகம் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாள்.

செசிலி நோட்டைக் கொடுக்கவில்லை. அவள் வீட்டுக் குமிழியும் அப்படியே நின்றது, வெறுமையாக. கிளீட்டஸ் திரும்பி வந்த பரபரப்பில் அதை ஒருத்தரும் கேட்கவில்லை. அவன் அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டான், அதன் நிழலில் படுத்தான், வால் ஓட்டிலிருந்து இறங்கி அவன் உதட்டில் வந்து நின்றது.

ஒருநாள் காலை அவன் பின்புறம் வலை பின்னிக்கொண்டிருக்கும்போது செசிலி கேட்டாள்: "பத்துப் பேரு சொன்னதைச் சொல்லிட்ட. நீ என்ன சொன்ன?"

அவன் ஊசியை நிறுத்தினான்.

அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். "செத்த பிள்ளை திரும்பி வந்திருக்கான். கேள்வி கேக்காதட்டி. அது வெறுமையாவே இருந்துட்டுப் போகட்டும்."

"பிரகாசி அக்கா இப்போ நட்ட நடு மத்தியானம்தான் தண்ணிக்குப் போறா," என்றாள் செசிலி, தம்பியைப் பார்த்தே. "மண்ணு சுடும்போது. குழாயடியில யாரும் இல்லாத நேரம் பாத்து."

அம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். என்ன வரப்போகிறது என்று தெரியாவிட்டாலும், வரப்போவது தன் வீட்டு வாசலுக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அடுக்களைக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் கோயில் முற்றத்தில் நின்றபோது, கிளீட்டஸ் கொடிமரத்தடியில் ஏறி நின்றான். அவன் குரல் முதலில் எடுபடவில்லை. "சத்தமா," என்றார் சாமியார்.

"வயர்லெஸ் வந்ததும் ரெக்சன் அண்ணன் திரும்புவோம்னுதான் சொன்னாரு. வலை அப்போ நல்லா கனத்துக் கிடந்துது. நான்தான் வேண்டாம்னேன். அண்ணன் எல்லாருக்க முகத்தையும் பாத்தாரு. திரும்புவோம்னு ஒருத்தரும் சொல்லல. பொறவு, கவுந்த படகுல வச்சு அவரு எனக்கிட்ட, 'நீ சின்னப் பய, இதைச் சுமந்துட்டு ஊர்ல வாழ முடியாது, நான் போறவன், நானே எடுத்துட்டுப் போறேன்'னாரு."

முற்றத்திலிருந்து பார்த்தால் செபஸ்தியாளின் வீடு தெரியும். அதற்கு மேலே, கடைசிக் குமிழிக்குள், அவன் படகில் சொன்ன சொற்கள் வந்தன: 'அண்ணே, இன்னும் ஒரே ஒரு வலை.'

யாரும் கல்லை எடுக்கவில்லை. யாரும் அவன் பக்கத்தில் போகவும் இல்லை. செபஸ்தியாள் மட்டும் கூட்டத்தைக் கடந்து போய், முன்பு பிடித்த மாதிரியே அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். பிரகாசி குமிழியை வாசித்தாள், வீட்டுக்குப் போனாள், கதவைச் சாத்தினாள். மூன்று நாள் அந்தக் கதவு திறக்கவில்லை.

நாலாம் நாள் அவள் செசிலி வீட்டுக்கு வந்தாள். வலை பின்னுகிறவனைக் கடந்து, அவனைப் பார்க்காமல், உள்ளே வந்து ஒரு தாளை மேஜை மேல் வைத்தாள்.

"வயர்லெஸ் பெட்டி வரைஞ்ச பக்கத்தை எடுத்திரு. இதைப் போடு."

தாளில் மூன்று வரி இருந்தது. 'தகவல் வந்தது. வலை கனத்தது. பதினொரு பேரும் இழுத்தார்கள்.'

செசிலி அதை எத்தனையோ தடவை வாசித்தாள். முகங்களை வரைந்தால், பார்க்கிறவர்கள் எந்த முகம் குற்றவாளி முகம் என்று தேடுவார்கள். ஆகவே அவள் முகங்களை விட்டுவிட்டு, பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் வலைக் கயிறு ஒன்றை இழுத்து, அதன் மேல் பென்சிலால் கைகளை வரையத் தொடங்கினாள். குமிழி ஏதும் போடவில்லை. பிரகாசி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்க கை கடைசியா இருக்கட்டும். ஓட்டுறவரு, கடைசியாத்தான் வந்து பிடிப்பாரு," என்றாள்.

எப்படியோ செய்தி வெளியே போயிருந்தது. மத்தியானம் பச்சை வலை வீட்டுக்காரி வந்து, தன் புருஷனுடைய சுண்டுவிரல் பாதிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு பெயர்க் குழந்தையின் தாய் வந்து, மணிக்கட்டில் கட்டியிருந்த கருப்புக் கயிற்றைச் சொன்னாள். வீடு வீடாக வந்தார்கள். தன் ஆள் இழுக்கவில்லை என்று சொல்ல ஒருத்தரும் வரவில்லை.

வெயில் தாழ்ந்தபோது செலின் வாசலில் நின்றாள். உள்ளே பிரகாசி இருப்பதைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு வந்து, பிரகாசியைப் பார்க்காமல், ஆனால் அதே பெஞ்சில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளின் மேல் குனிந்து கை கையாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"இதுல எது எனக்க மவன்?"

செசிலி காட்டினாள்.

"இது சரியில்ல," என்றாள் செலின். "அவன் இடக்கைக்காரன். இழுக்கும்போ இடது கைதான் முன்னால வரும்."

செசிலி ரப்பரை எடுத்து அந்த இரண்டு கைகளையும் அழித்தாள். கயிற்றுக்கு ஒன்றும் ஆகாமல் தாளை ஊதித் துடைத்தாள். பிறகு இடது கையை முன்னால் வைத்து வரைந்தாள்.